அல்வா கிண்டிய கையும் ஆப்பிள் சுருளும்

குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் தாடியையும் புலித்தோலையும் தேட வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, பின்னால் பெரிய சமையற்கட்டு, சாரல் காலம் முழுக்கத் துணி காயாத ஒரு கொடி, அவ்வளவுதான். அதை நடத்தி வந்தவர் மெய்யம்மை. தேவகோட்டைப் பக்கத்துக்காரர். வயது நாற்பதைத் தொட்டிருக்கும். அவரைவிட மூத்தவர்களும் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. மாலையில் எல்லோரும் கூடி உட்காரும்போது யார் வேண்டுமானாலும் அம்மாவிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் கேட்டவர் மறுநாள் காலையில் அம்மாவோடு சேர்ந்து அத்தனை பேருக்கும் பலகாரம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் பதில். இந்த வழக்கம் வந்ததிலிருந்து மடத்தில் சந்தேகங்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஞானம் கூடிவிட்டதால் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மாலை கை தூக்கியவர் ஆவுடையப்பன்.

கடையத்தில் இவருடைய அல்வாக் கடையைத் தெரியாதவர் கிடையாது. மீசை முளைத்த நாளிலிருந்து அல்வா கிண்டும் உருளி முன்னால் நின்றவர். போன தை மாதம் கடையை மகள் கோமதியிடம் ஒப்படைத்தார். ஒப்படைத்தார் என்பது ஊருக்குச் சொன்னது. மறுநாளே போய் அடுப்புப் பக்கத்தில் நின்றார். தீ அதிகம் என்றார். நெய் போதாது என்றார். துடுப்பைப் பிடிக்கிற பிடியே சரியில்லை என்றார். கோமதி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒருநாள் துடுப்பைக் கீழே வைத்தாள்.

"எப்பா, இனிமே நீங்க அடுப்படிக்கு வந்தா நான் வீட்டுக்குப் போயிருவேன். அப்புறம் நீங்களே கிண்டிக்கிடுங்க."

அவரால் கிண்ட முடியாது. தோள்பட்டை போய்விட்டது. அவளை விட்டால் கடையைப் பார்க்க வேறு ஆளும் இல்லை. அவள் சொன்னால் செய்கிறவள் என்பதும் அவருக்குத் தெரியும், அவருடைய மகள்தானே. கோபித்துக்கொண்டு பையைத் தூக்கியவர் மடத்துக்கு வந்து சேர்ந்தார். அமைதியைத் தேடி வந்திருப்பதாக அம்மாவிடம் சொன்னார். தேடிய நேரம் போக மீதி நேரமெல்லாம் மகளுக்குப் போன் செய்தார். கடைசியில் அவள் எடுப்பதையே நிறுத்திவிட்டாள்.

"அம்மா, நாளைக்கு எங்க ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழா" என்றார் ஆவுடையப்பன். "வருசத்துலயே பெரிய ஏவாரம் அன்னைக்குத்தான். பெரிய உருளியில எம் மக நான் இல்லாம கிண்டப் போறது இதான் மொதத் தடவ. நான் போகணுமா, இங்கனயே இருக்கணுமா?"

அம்மா சிரித்தார்.

"காலையில அடுப்படிக்கு வாங்க, அண்ணாச்சி."

"காலையிலயா? மொத பஸ்ஸப் பிடிக்கலாம்னுல்லா இருந்தேன்."

"பஸ் நாள் பூரா ஓடும்."

மற்றவர்கள் சந்தோஷமாக எழுந்து போனார்கள். ஒருத்தர் தலையில் வேலை விழுந்துவிட்டால் மற்றவர்களுக்கு வருகிற நிம்மதி மடத்திலும் வரத்தான் செய்கிறது. அதிலும் வேலை விழுந்தது ஓர் அல்வாக்காரர் தலையில். காலையில் இனிப்பு உண்டு என்று ஆளாளுக்கு நாக்கைத் தீட்டிக்கொண்டு படுத்தார்கள்.

விடிந்தபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. சமையற்கட்டு மேடையில் ஒரு பெட்டி ஆப்பிள் இருந்தது. யாரோ ஒரு பக்தர் கொண்டுவந்து இறக்கியது. பக்கத்தில் ஒரு பாத்திரத்தில் மாவு பொங்கி, மூடியிருந்த ஈரத்துணியை மேலே தூக்கியிருந்தது.

ஆவுடையப்பன் ஆப்பிளைப் பார்த்தார்.

"இதுலயா பலகாரம்?"

"ஆமா."

"ஆசுபத்திரிக்கு ஆளப் பாக்கப் போனா வாங்கிட்டுப் போறதுல்லா இது? காய்ச்சக்காரனுக்குக் குடுக்கதுல என்ன பலகாரம் வரும்?"

"முதல்ல தோல சீவுங்க."

சீவினார். பொடியாக நறுக்கினார். அம்மா வாணலியில் வெண்ணெயைப் போட்டு, ஆப்பிளைக் கொட்டி, நாட்டுச்சர்க்கரை சேர்த்தார். பட்டையைப் பொடித்துத் தூவினார். இரண்டு கிராம்பு, ஒரு துருவல் ஜாதிக்காய். சமையற்கட்டே மணத்தது. ஆவுடையப்பன் மூக்கை இழுத்தார், இழுத்ததை மறைத்தார்.

கிளறும்போது மட்டும் அவரைப் பார்க்க வேண்டும். அம்மா கையிலிருந்த கரண்டியை அவரையும் அறியாமல் வாங்கிக்கொண்டார். அடி பிடிக்காமல், ஓரம் காயாமல், ஆப்பிள் துண்டு ஒன்றுகூட உடையாமல் கிளறி இறக்கினார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அம்மாவும் அதை வாய்விட்டுச் சொன்னார். ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

பிறகு மாவை அகலமாகத் தேய்த்து, அதன்மேல் ஆப்பிளைப் பரப்பினார்கள். பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி, கத்தியால் துண்டு போட்டார்கள். ஒவ்வொரு துண்டிலும் ஆப்பிளும் மாவும் வளையம் வளையமாகத் தெரிந்தன. இதற்கு மடத்தில் ஆப்பிள் சுருள் என்று பெயர்.

"இனி எண்ணெயில பொரிக்கணுமா?"

"இல்ல. இதுல சுடணும்."

அம்மா எடுத்து வைத்தது ஒரு வாஃபிள் கல். தோசைக்குக் கல் இருப்பது போல, வாஃபிள் என்ற மேல்நாட்டு அப்பத்துக்கு இது. இரண்டு கனமான இரும்புத் தகடுகள், புத்தகம் மாதிரி மூடித் திறக்கும். உள்பக்கம் கட்டம் கட்டமாகப் பள்ளம். நீளமான கைப்பிடி. பெல்ஜியத்திலிருந்து வந்து தங்கிய ஒரு பக்தர் ஊருக்குத் திரும்பும்போது, பெட்டியில் எடை அதிகமாகிவிட்டது என்று விட்டுப் போனது.

"நெய் தடவி, சுருள வச்சு, மூடுங்க. ஒரு பக்கம் வெந்ததும் கல்லோட புரட்டி மறுபக்கம் காட்டுங்க. ஆகுற வரைக்கும் திறக்காதீங்க. அவ்வளவுதான்."

"இவ்வளவுதானா?" என்றார் ஆவுடையப்பன். "இதுக்கா என்னய பஸ்ஸ விட வச்சிய?"

நெய் தடவினார். சுருள்களை வைத்தார். மூடினார். இரும்பு சீறியது. இடுக்கு வழியே ஆவி கிளம்பியது.

உடனே திறந்தார்.

மேல் பாதி மேல் தகட்டிலும் கீழ்ப் பாதி கீழ்த் தகட்டிலும் ஒட்டிக்கொண்டு, சுருள் நடுவில் பிய்ந்து நின்றது. ஆப்பிள் தொங்கியது.

"ஏன் திறந்தீங்க?"

"உள்ள என்ன நடக்குன்னு பாக்காண்டாமா?"

"என்ன நடந்துச்சு?"

ஆவுடையப்பன் பிய்ந்ததைச் சுரண்டி எடுத்தார். மறுபடி வைத்தார். மூடினார். இந்தத் தடவை திறக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கை கேட்கவில்லை. கரண்டிக் காம்பை இடுக்கில் விட்டு லேசாக நெம்பி, ஒரு கண்ணால் உள்ளே பார்த்தார். லேசாக நெம்பினாலும் பிய்வது பிய்ந்துதான் வந்தது.

"நான் என்னம்மா செய்ய?" என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். "எங்க தொழில்ல கை நின்னா எல்லாம் போச்சு. கிண்டிக்கிட்டே இருக்கணும். ஒரு இருமல் இருமினாக்கூட கை நிக்கப்புடாது, அடிப் பிடிச்சிரும். இந்தக் கைக்கு சும்மா இருக்கத் தெரியாது."

வாசலில் தட்டோடு நின்றவர்களில் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"கிழிஞ்சது கெடந்தா குடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் மோசமில்ல."

கிழிந்ததெல்லாம் வெளியே போனது. அங்கிருந்து நல்ல சத்தம் வந்தது. கிழிந்தது கேட்டு இன்னும் இரண்டு தட்டுகள் நீண்டன. ஆவுடையப்பனுக்கு அது அவமானமாக இருந்தது. அவர் கடையில் உடைந்த துண்டைக்கூட யாருக்கும் தந்ததில்லை.

அம்மா அடுத்த சுருள்களை எடுத்து அவர் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது சாதாரணமாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு உங்க மக கிண்டுற அல்வா கெட்டுப்போயிடும்னு பயமா, நல்லா வந்துடும்னு பயமா?"

ஆவுடையப்பன் கல்லைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், வெளியே விழும் சாரலைப் பார்த்தார். பொய் சொல்ல இடம் கிடைக்கவில்லை.

"ரெண்டாவதுதான் கூட" என்றார் மெதுவாக.

அம்மா தலையை ஆட்டினார். "சுருள வைங்க."

வைத்தார். மூடினார். இப்போது ஒரு முடிவோடு இருந்தார். சமையற்கட்டை விட்டே வெளியேறினார். கூடத்தில் போய்ச் சப்பணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடினார். வந்த நாளிலிருந்து அப்படியொரு தியானம் அவருக்குக் கூடியதே இல்லை. பக்கத்தில் ஒருவர் தும்மியதும் அவருக்குக் கேட்கவில்லை. பற்றை விட்டுவிட்டேன், விட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரே ஆனந்தம்.

கருகிய நாற்றம் வந்ததும்தான் கண்ணைத் திறந்தார். ஓடிப் போய்ப் பார்த்தால், கல்லுக்குள் கட்டம் கட்டமாகக் கரி. அம்மா எதிரில் முக்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தோலைத் தின்றுகொண்டிருந்தார்.

"பாத்துக்கிட்டேவா இருந்திய?" என்று அலறினார் ஆவுடையப்பன். "அடுப்பையாவது அணைச்சிருக்கலாம்லா!"

"உங்க சுருள். நான் எப்படித் தொடுறது?"

"நீங்கதான சும்மா இருக்கச் சொன்னிய!"

"நான் எப்ப சொன்னேன்? திறக்காதீங்கன்னேன். போயிடுங்கன்னு சொல்லவே இல்லையே."

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. வந்த கோபம் பாதி வழியில் சிரிப்பாக மாறிவிட்டது. கரியைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார். மடத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

கல்லைத் துடைத்தார். நெய் தடவினார். சுருள்களை வைத்து மூடினார். முக்காலியை அம்மாவிடமிருந்து வாங்கி அடுப்புக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஆவி வந்தது. முதலில் ஈர மாவின் வாசம். அது அவருக்குத் தெரிந்த வாசம்தான். பிறகு பட்டை. பிறகு ஆப்பிளின் புளிப்பு. எழுந்து கல்லைப் புரட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். கை கக்கத்துக்குள் துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டார். ஆவி மெலிந்தது. சீறல் தணிந்து, சின்னச் சின்னப் பொரியல் சத்தமானது. சர்க்கரையும் நெய்யும் ஒன்றாகிற வாசம் ஒன்று உண்டு. ஊரில் காலமெல்லாம் அவர் தீயைக் குறைத்தது அந்த வாசத்தைப் பிடித்துத்தான். இப்போது அது இரும்பு இடுக்கு வழியே வந்தது.

"இப்ப" என்றார், யாருக்கோ சொல்வது போல.

திறந்தார். கல் தானாகவே விட்டுக்கொடுத்தது. முழுச் சுருள், செந்நிறம், கட்டத்துக்குக் கட்டம் பளபளப்பு. ஓரத்தில் வழிந்த சர்க்கரை கண்ணாடியாக இறுகியிருந்தது.

"அம்மா! பாத்தியளா!" என்று கத்தினார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்கிற பழம் என்று சொன்னதெல்லாம் காற்றோடு போனது.

அதன்பிறகு வைக்கிற சுருளெல்லாம் முழுசாக வந்தது. தட்டுகள் வந்தன, நிறைந்தன, திரும்பி வந்தன. அவருக்குச் சாப்பிடவும் தோன்றவில்லை, பஸ்ஸும் நினைவில்லை.

கடைசிச் சுருள்கள் கல்லில் இருக்கும்போது சட்டைப் பையில் போன் அடித்தது. கோமதி.

ஆவுடையப்பன் மாவுக் கையோடு எடுத்தார்.

"எப்பா, என்ன ஆச்சு?" அவள் குரல் பதறியது. "காலையிலருந்து ஒரு போனும் காணும்? மேலுக்குச் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். இங்க அடுப்படியில சோலி."

"உங்களையா அடுப்படியில விட்டாங்க? பாவம் அந்த அம்மா." பதற்றம் போய்ச் சிரித்தாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள். "எப்பா, உருளி அடுப்புலதான் இருக்கு. கூலியாளும் நானுமா மாத்தி மாத்திக் கிண்டுதோம். சத்தம் கேக்கா?"

போனை உருளிப் பக்கம் நீட்டினாள் போலிருக்கிறது. கொழகொழவென்று குமிழி உடைகிற சத்தம் வந்தது. ஒரு குமிழி உடைந்து அடுத்தது உடைவதற்குள் ஆவுடையப்பனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. இன்னும் ஆகவில்லை. இன்னும் நெய் கேட்கிறது. தீ ஒரு பக்கமாக எரிகிறது. மூன்றும் தொண்டைக்கு வந்து நின்றன.

"இறக்கிரலாமாப்பா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். அம்மா அந்தப் பக்கம் திரும்பித் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார், அவரைப் பார்க்கவே இல்லை.

"ஏளா, வாசம் எப்பிடி இருக்கு?" என்று மட்டும் கேட்டார்.

போனில் அவள் மூக்கை இழுப்பது கேட்டது.

"இன்னும் கோதுமப்பால் வாசம் லேசா அடிக்கி."

"ம்."

"அப்ப இன்னும் ஆகல. நெய் விடணும். தீயும் இந்தப் பக்கம் இல்ல, அதான்… சரிப்பா, வைக்கேன். கை நின்னுரும்."

வைத்துவிட்டாள். ஆவுடையப்பன் அணைந்த போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடுப்பில் வாசம் மாறியது. எட்டி ஒரு கையால் கல்லைத் திறந்து சுருள்களை எடுத்துத் தட்டில் போட்டார்.

பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு போன் மறுபடி அடித்தது.

"எப்பா, வந்துட்டு! நெய்ய நல்லாக் கக்கிட்டு. கையில ஒட்டவே இல்ல. இப்பவே வாசல்ல வரிச கட்டி நிக்காங்க. அப்புறம் பேசுதேன்."

ஆவுடையப்பன் அம்மாவிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லா வந்துட்டாம் அம்மா!"

"சந்தோஷம்."

"வரிச நிக்காம்."

"ரொம்ப சந்தோஷம்."

"பொம்பளப் புள்ளயா இருந்துக்கிட்டு பெரிய உருளியையே…" என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. சிரிப்பு மெல்ல வடிந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். மாவு காய்ந்து வெள்ளை படிந்த உள்ளங்கைகளைப் பார்த்தார். சந்தோஷமும் துக்கமும் ஒரே நேரத்தில் வந்தால் எதை முதலில் வெளியே விடுவது என்று மனுஷனுக்குத் தெரிவதில்லை.

"நேத்து கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல" என்றார். "நான் போகணுமா, இருக்கணுமா?"

"போங்க" என்றார் அம்மா.

ஆவுடையப்பன் நிமிர்ந்தார். தன் காதையே அவரால் நம்ப முடியவில்லை.

"கடைக்கா?"

"கடைக்குத்தான்."

"போயி? அவதான் எல்லாம் செஞ்சு முடிச்சிட்டாளே. நான் அங்க எதுக்கு?"

அம்மா சுவரில் சாய்ந்து நின்றார்.

"அடுப்படிப் பக்கம் போகாதீங்க. வாசல்ல வரிசை நிக்குதுல்ல, அதுல கடைசி ஆளாப் போய் நில்லுங்க. உங்க முறை வந்ததும் கால் கிலோ கேளுங்க. அவ முன்னாடியே நின்னு சாப்பிடுங்க. நல்லா இருந்தா, நல்லா இருக்குன்னு வாயத் திறந்து சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் தன் கடை வாசலில் வாங்குகிற ஆளாக ஒருநாளும் ஆவுடையப்பன் நின்றதில்லை. அங்கே நிற்பது எப்படி இருக்கும் என்றே அவருக்குத் தெரியாது. ஆனாலும் அல்வாக்காரர் அல்லவா, ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நல்லா இல்லன்னா?"

அம்மா சிரித்துக்கொண்டே ஒரு சுருளை எடுத்து வாழையிலையில் மடித்து, வழிக்கு வைத்துக்கொள்ளும்படி அவர் கையில் கொடுத்தார்.

"அதச் சொல்றதுக்கு ஊர்ல நெறையப் பேரு இருக்காங்க, அண்ணாச்சி."